நறுவிலிக்குடாவில் வெள்ளம் இல்லை

2012 மார்கழி பத்தொன்பதாம் திகதி காலை, முன்பள்ளிக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்க, மேசைமேல் ஏறியிருந்து லூசியா ஒரு கடிதம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருக்கும் கால்பந்துப் போட்டியைத் தள்ளி வைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளும் கடிதம். நான்கே வரி. தண்ணீரைப் பார்க்கிறவனுக்கு அதுகூட அதிகம் என்று அவளுக்குப் பட்டது. கடிதம் போய்ச் சேருகிற இடத்தில் தண்ணீர் இல்லை என்பதை அவள் யோசிக்கவில்லை.

லூசியா முன்பள்ளி ரீச்சர். நறுவிலிக்குடா சென். தோமஸ் விளையாட்டுக் கழகத்தின் செயலாளரும் அவள்தான். உதைபந்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவை இரண்டு: பந்தைக் கையால் தொடக்கூடாது, தொடலாம் என்று விடப்பட்டிருக்கிற ஒரேயொரு ஆள் அவளுடைய புருஷன் ரொபின்சன். மண்டபம் அகதி முகாமில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்துவிட்டுத் திரும்பி வந்தவள், கடிதம் எழுதத் தெரிந்தவள், கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். ஊர்க் கூட்டத்தில் இந்த மூன்றும் சேர்ந்த வேறொருவர் அகப்படவில்லை.

கழகம் உண்டான கதையும் சின்னக் கதைதான். போர் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது மிதிவெடி அகற்றுகிறவர்கள் முதலில் துப்புரவாக்கிக் கொடுத்தது கோயிலுக்குப் பின்னாலிருந்த திடலை. வீட்டுக் காணிகளில் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்ற எட்டு மாதமும் ஊர் முழுக்கத் தறப்பாள் கூடாரம் அடித்துக்கொண்டு அந்தத் திடலிலேயே கிடந்தது. கால் வைக்கப் பயமில்லாத நிலம் என்பதால் பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் ஓடத் தொடங்கினார்கள். ஓடுகிறவர்களுக்கு நடுவில் யாரோ ஒரு பந்தைப் போட்டார்கள்.

அந்தக் கழகம் இப்போது மீள்எழுச்சிக் கிண்ணத்தின் அரையிறுதிக்கு வந்திருந்தது. முப்பத்திரண்டு ஊர்கள் விளையாடிய போட்டி. எதிரணி முசலிக் கரையிலுள்ள வெள்ளாமுனை. போட்டிகளை நடத்துவது மீள்எழுச்சிக் கிண்ண உதைபந்தாட்டச் சபை. சபையிடம் நாற்பத்திநான்கு பக்க விதிக்கோவை ஒன்று இருந்தது. போட்டிக்கு வராத அணி தோற்றதாகக் கொள்ளப்படும், அதோடு இரண்டு வருடத் தடையும் விதிக்கப்படும் என்பது அதில் தடித்த எழுத்தில் இருந்தது. ரொபின்சனுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு வருடத் தடை என்றால் அவனுக்கு அது ஆயுள் தண்டனை.

திங்கட்கிழமை விடியற்புறம் வெள்ளம் வந்தது. ஐம்பத்தெட்டுக் குடும்பமும் மேட்டிலிருந்த பாடசாலையின் மூன்று வகுப்பறைக்குள் ஏறிக்கொண்டன. நத்தாருக்குக் கட்டிய இயேசு பாலன் குடிலையும் யாரோ தூக்கிவந்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்கள். புதன் காலை, லூசியா கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது, கிராம அலுவலரான விதானையார் நுஃமான் தோணியில் வந்து இறங்கினார். எல்லாக் குடும்பத்தின் பெயரையும் வடிவாக எழுதிக்கொண்டு, எழுதிய கொப்பியைப் பைக்குள் வைத்துவிட்டு, லூசியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ரீச்சர், உங்கட ஊரை நான் வெள்ளப் பட்டியலிலை போடேலாமக் கிடக்கு.”

“ஏன் சேர்? நீங்களே தோணியிலைதானே வந்தனீங்கள்?”

“தோணியிலை வந்தது எனக்குத் தெரியும், கந்தோருக்குத் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமை நறுவிலிக்குடாவிலை பிரதம விருந்தினர் கலந்துகொள்ளுற நிகழ்வு எண்டு அங்க பதிஞ்சு கிடக்கு. நிகழ்வுப் பட்டியலிலை இருக்கிற ஊர் பாதிப்புப் பட்டியலிலை வராது. கொம்பியூட்டர் எடுக்குதில்லை.”

“அப்ப சமைச்ச சாப்பாடு?”

“அது பாதிக்கப்பட்ட ஊருக்கு.” நுஃமான் நல்ல மனுஷன், சொல்லும்போது அவளுடைய முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். “எப்பிடியாவது மட்சைத் தள்ளி வைப்பியுங்கோ ரீச்சர். மட்ச் தள்ளின கடிதம் ஒண்டு என்ர கையிலை கிடைச்சால், உங்களுக்கு வெள்ளம் வந்திட்டுது எண்டு அடுத்த நிமிசம் எழுதிப்போடுவன்.”

மேசைமேல் இருந்து எழுதிய நான்கு வரிக் கடிதம் திடீரென்று பாரமாகிப்போனது. அதுவரைக்கும் அது புருஷனின் விளையாட்டுக்கான கடிதம். இப்போது அது ஐம்பத்தெட்டு அடுப்புக்கான கடிதம். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்திருந்த திரிபோசாச் சத்துமா இருபது பைக்கற்றைப் பிரித்துத் தண்ணீரில் குழைத்து, சின்னவர்களுக்கு ஒரு உருண்டை, பெரியவர்களுக்கு அரை உருண்டை என்று கொடுக்கச் சொல்லிவிட்டு லூசியா புறப்பட்டாள்.

ரொபின்சன் அவளைத் தோணியில் வைத்துப் பிரதான வீதிவரை வலித்துக்கொண்டு போனான். அங்கிருந்து தள்ளாடிச் சந்திவரை உழவு இயந்திரப் பெட்டியில். அதற்குப் பிறகு பஸ். மன்னார்ப் பாலத்தைக் கடந்தபோது அவளுடைய சேலை இடுப்புவரை நனைந்து, மேலே காய்ந்து, இரண்டு நிறமாக இருந்தது.

சபையின் கந்தோர் மேல்மாடியில் இருந்தது. தலைவர் இராசேந்திரம் சுழல் கதிரையில் இருந்தார். அவர் கடைசியாகப் பந்தை உதைத்தது எந்த ஆண்டு என்று தெரிந்தவர்கள் யாரும் இப்போது மன்னாரில் இல்லை. கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலேயே நிறுத்தினார்.

“பிள்ளை, இது எந்த நாட்டுக் கடிதம்?”

“விளங்கேல்லை சேர்.”

“கால்பந்துப் போட்டி எண்டு எழுதியிருக்கிறீர்.”

“நான் இந்தியாவிலை படிச்சனான் சேர். அங்க அப்பிடித்தான் சொல்லுறவை.”

“சொல்லட்டும். இது உதைபந்தாட்டச் சபை. கால்பந்துப் போட்டி ஒண்டைத் தள்ளி வைக்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதுக்கு நீர் இந்தியாவுக்குத்தான் எழுத வேணும்.”

அவர் பகிடி விடவில்லை. லூசியா வாசலில் இருந்த வாங்கில் குந்தி, கால்பந்து இருந்த இடத்திலெல்லாம் உதைபந்து என்று போட்டு, கடிதத்தைப் புதிதாக எழுதிக்கொண்டு வந்தாள்.

“இது சரி,” என்றார் இராசேந்திரம். “வெள்ளம் எத்தினை மணிக்கு வந்தது?”

“திங்கள் விடிய அஞ்சு மணி இருக்கும் சேர்.”

அவர் விரலை மடித்து எண்ணினார். “காரணம் ஏற்படுவதற்கு எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் விண்ணப்பிக்க வேணும். பத்தொன்பதாம் விதி. நீர் வெள்ளிக்கிழமை விடிய அஞ்சு மணிக்கு முன்னம் இதைக் கொண்டுவந்து தந்திருக்க வேணும்.”

“வெள்ளிக்கிழமை நல்ல வெயில் சேர்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன். றோட்டும் நல்லாக் கிடந்திருக்கும், உமக்கும் இவ்வளவு கரைச்சல் இல்லை. எங்கட சனத்திட்ட திட்டமிடல் கிடையாது பிள்ளை. எல்லாத்துக்கும் தண்ணி தலைக்கு மேல வரவேணும்.”

 அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். செருப்பு இரண்டையும் கையில் வைத்திருந்தார். வெள்ளாமுனைக் கழகத்தின் செயலாளர் ஜுனைதீன். ஊரில் சில்லறைக் கடை வைத்திருக்கிறவர்.

“சேர், அருவியாறு இப்ப எங்கட ஊருக்குள்ளாலதான் போகுது. என்ர கடையிலை மாவும் சீனியும் ஒண்டாக் கரைஞ்சு போச்சு. பிளேயர்மார் எல்லாம் வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு நிக்கிறாங்கள். மட்சை ஒரு மாசம் தள்ளினால் புண்ணியம்.”

லூசியாவுக்கு உயிர் வந்தது. “சேர், பாருங்கோ, அவையும் அதைத்தான் கேக்கினம்!”

இராசேந்திரத்தின் முகம் வாடியது. விதிக்கோவையை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில் மூடி வைத்துவிட்டு, ஒரு துக்கச் செய்தி சொல்கிற குரலில் சொன்னார்: “இது பெரிய சிக்கல். ஒரு கழகம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டு, மற்றக் கழகம் ஆட்சேபிச்சால், அதைச் சபை விசாரிக்கும். அப்பிடி விசாரணை வந்தால் எழுபத்திரண்டு மணித்தியாலக் கணக்கும் தேவையில்லை. ஆனால் ரெண்டு பேரும் ஒண்டையே கேட்டால் ஆட்சேபனை இல்லை. ஆட்சேபனை இல்லாட்டி விசாரணை இல்லை. விசாரணை இல்லாமல் நாங்கள் எப்பிடி முடிவெடுக்கிறது? இது ஜனநாயக அமைப்பு.”



“அப்ப ஆரெண்டாலும் ஒராள் மாட்டன் எண்டு சொல்ல வேணுமோ?” என்று ஜுனைதீன் கேட்டார்.

“நான் அப்பிடிச் சொல்லித்தர ஏலாது,” என்றார் இராசேந்திரம். “ஆனால் கந்தோர் நாலு மணிவரைக்கும் திறந்திருக்கும்.”

வெளி வாங்கில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பட்டியலில் ஏறாமல் சாப்பாடு வராத கதையை லூசியா அவருக்குச் சொன்னாள். ஜுனைதீன் கண்ணாடியை வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். ஆகவே வெள்ளாமுனையின் ஆட்சேபனையையும் லூசியாதான் எழுத வேண்டியிருந்தது. தன் விண்ணப்பத்தை எதிர்த்துத் தானே எழுதுவது அவளுக்கு வினோதமாக இருந்தாலும், எழுதத் தொடங்கியபின் கை நிற்கவில்லை. ‘எமது வீரர்கள் தண்ணீருக்கு அஞ்சாதவர்கள். குறித்த நாளில் குறித்த இடத்தில் விளையாடியே தீருவோம்.’

“கொஞ்சம் கூடிப்போச்சோ நானா?”

“நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. அதிலை ஒரு சொல்லும் உண்மை இல்லை.” அவர் கையெழுத்துப் போட்டார். “அல்லாஹ் மன்னிப்பான். சாப்பாட்டுக்காகச் சொன்னதெண்டு அவனுக்குத் தெரியும்தானே.”

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டு கடிதமும் உள்ளே போயின. மைதானத்தைப் பரிசோதிக்க வெள்ளிக்கிழமை ஆள் வருவார், சனிக்கிழமை விசாரணை என்று இராசேந்திரம் முகமலர்ச்சியோடு அறிவித்தார்.

வெள்ளிக்கிழமைக்குள் திரிபோசா முடிந்துவிட்டது. கொண்டல் காற்று இரைந்துகொண்டிருந்ததால் கடலுக்கும் யாரும் போகவில்லை. பத்து மணியளவில் ஒரு தோணி தெரிந்ததும் வகுப்பறைகளிலிருந்து பெண்கள் சோற்றுக் கோப்பைகளோடு வெளியே வந்தார்கள். தோணியில் தொப்பியும் ஊதுகுழலும் போட்ட ஒரு மனிதர் மடியில் ஒரு பந்தை வைத்துக்கொண்டு இருந்தார். சபையின் மைதானப் பரிசோதகர் பெனடிற் பீரிஸ்.

“சாப்பாடு இல்லையோ சேர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அது வேற பிரிவு அம்மா. நான் தொழில்நுட்பம்,” என்றார் பீரிஸ்.

தோணியை மைதானத்தின் நடுவுக்கு விடச் சொன்னார். நடு எது என்று காட்ட, ரொபின்சன் தண்ணீரில் இறங்கி, இரண்டு கோல் கம்பங்களுக்கும் இடையில் அளந்து நடந்து ஓரிடத்தில் நின்றான். தண்ணீர் அவனுடைய தொடைவரை இருந்தது. பீரிஸ் எழுந்து நின்று, தோள் உயரத்திலிருந்து பந்தைப் போட்டார். பந்து டப்பென்று விழுந்து மிதந்தது. காற்று அதைக் கோயில் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது.

“பந்து சேற்றிலை புதைஞ்சு நிண்டுதெண்டால் மைதானம் தகுதியில்லை,” பீரிஸ் படிவத்தில் எழுதிக்கொண்டே சொன்னார். “இது நிக்கேல்லை. போய்க்கொண்டிருக்கு.”

“அது மிதக்குது சேர்,” என்றான் ரொபின்சன்.

“படிவத்திலை மிதக்குறது எண்டு ஒண்டு கிடையாது தம்பி. அசையும், அசையாது. ரெண்டுதான்.”

பிறகு மூலைக்கொடிகளைப் பார்த்தார். நான்கில் மூன்றின் நுனி வெளியே தெரிந்தது. எழுபத்தைந்து வீதம் சரி என்று எழுதினார். கோல் கம்பத்தின் குறுக்குத்தடிக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இடையில் அளக்கச் சொன்னார். எட்டடி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தே முக்கால் இருந்தது. பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

“மற்றப் பக்கமும் ஐஞ்சே முக்காலோ?”

“ஓம் சேர். தண்ணி மட்டமாத்தான் நிக்கும்.”

“அப்ப ரெண்டு அணிக்கும் சமம்,” என்று நிம்மதியாக எழுதினார். “கோல்கீப்பர்மாருக்கு வாசிதான். நீர் சந்தோசப்பட வேணும்.”

லூசியா பாடசாலைப் படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜெனிஸ்ரா, எட்டு மாத வயிற்றோடு, வெறுங்கோப்பையை மடித்த சீலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். லூசியா தண்ணீருக்குள் இறங்கித் தோணிவரை நடந்து போனாள்.

“சேர், நான் விளையாட்டு ஒண்டும் தெரியாதவள். ஒண்டு மட்டும் கேக்கிறன். இஞ்ச தண்ணி நிக்குதெண்டு எங்கையாவது ஒரு மூலையிலை எழுதிவிடுங்கோவன். தண்ணி எண்ட ஒரு சொல்லுப் போதும்.”

பீரிஸ் கெட்டவர் இல்லை. படிவத்தைத் திருப்பித் திருப்பி இடம் தேடினார். கடைசியில், ‘வீரர்களுக்கான வசதிகள்’ என்ற தலைப்பின் கீழே, ‘போதியளவு தண்ணீர் உண்டு’ என்று எழுதிக் காட்டினார்.

சனிக்கிழமை விசாரணைக்கு லூசியாவும் ஜுனைதீனும் மறுபடி போனார்கள். நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கு முன்னாலும் ரோல்ஸ் ஒவ்வொன்றும் பிளேன்ரீ ஒவ்வொன்றும் இருந்தன. மூன்று நாளாகச் சோற்றைக் காணாத லூசியா ரோல்ஸைப் பார்க்காமலிருப்பதற்காகச் சுவரிலிருந்த கிண்ணத்தின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரிசோதகரின் அறிக்கை வாசிக்கப்பட்டது. வெள்ளாமுனையின் ஆட்சேபனை வாசிக்கப்பட்டது. ‘தண்ணீருக்கு அஞ்சாதவர்கள்’ என்ற இடத்தில் இரண்டு பேர் மேசையில் தட்டினார்கள்.

ஜுனைதீன் எழும்பினார். “சேர், அந்த ஆட்சேபனையை நான் மீளப் பெறுறன். அது பொய் சேர். எங்கட பிள்ளையளுக்கும் ஏலாது.”

இராசேந்திரம் கண்ணாடியைக் கழற்றினார். “சபைக்குப் பொய் எழுதிக் குடுத்தால் ரெண்டு வருசத் தடை. நீங்கள் எழுதித் தந்தது பொய்யோ?”

ஜுனைதீன் லூசியாவைப் பார்த்தார். லூசியா நிலத்தைப் பார்த்தாள்.

“உண்மை சேர்,” என்று சொல்லிவிட்டு அவர் இருந்தார்.

அதற்குப் பிறகு இராசேந்திரம் பேசினார். நல்ல குரல் அவருக்கு. “முப்பது வருசமா எல்லாத்தையும் ஒத்தி வைச்ச இனம் நாங்கள். கலியாணத்தை ஒத்தி வைச்சம், படிப்பை ஒத்தி வைச்சம், செத்தவீட்டைக்கூட ஒத்தி வைச்சம். இனியும் ஒத்தி வைக்கச் சொல்லுறியளோ? கொழும்பிலை இருந்து ஒரு பெரிய மனுசர் இந்த மக்கள் மீண்டெழும்பிட்டினம் எண்டு பாக்கிறதுக்கு வாறார். அவருக்கு நாங்கள் தண்ணியைக் காட்டுறதோ, விளையாட்டைக் காட்டுறதோ? அழைப்பிதழ் மூண்டு மொழியிலையும் அச்சடிச்சாச்சு. அதிலை ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. வெள்ளம் இண்டைக்கு வரும், நாளைக்குப் போகும். சபை நிக்கும்.”

ஏழு பேரும் கை தட்டினார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.  கீழே வந்தபிறகு, “பிள்ளையள் சாப்பிட்டதுகளோ?” என்று ஜுனைதீன் கேட்டார். லூசியா இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் பஸ் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளாமுனை அணி முருங்கன் வழியாகச் சுற்றி இரண்டு உழவு இயந்திரத்திலும் பிறகு தோணிகளிலுமாக வந்து சேர்ந்தது. முதல் தோணியில் விளையாட்டுக்காரர்கள் இல்லை. துணியால் கட்டிய நான்கு பெரிய சட்டிகள் இருந்தன. ஜுனைதீன் அவற்றைத் தானே பிடித்து இறக்கினார்.

“எங்கட ஊர் வெள்ளிக்கிழமையே பட்டியலிலை ஏறிட்டுது தங்கச்சி. எங்களுக்கு அங்க நிகழ்வு ஒண்டும் இல்லையே. சமைச்ச சாப்பாடு வருது. எங்கட பொம்பிளையள் தங்கட பங்கிலை இருந்து எடுத்து வைச்சவை.”

சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். ஐம்பத்தெட்டுக் குடும்பத்துக்கு அது ஆளுக்கு இரண்டு கவளம் வந்தது. வகுப்பறைகளில் கோப்பையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஜெனிஸ்ரா சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவுவதற்குத் தண்ணீர் தேடி வாசலுக்கு வந்து, ஊர் முழுக்கக் கிடந்த தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாள்.

பிற்பகல் மூன்றரைக்கு இருபத்திரண்டு பேரும் தொடையளவு தண்ணீரில் இரண்டு வரிசையாக நின்றார்கள். மத்தியஸ்தர் பீரிஸ்தான். அலங்கரித்த தோணியில் பிரதம விருந்தினருக்கென்று வெள்ளைத் துணி போர்த்திய கதிரை ஒன்று இருந்தது; பக்கத்தில் ஒலிபெருக்கியோடு இராசேந்திரம் நின்றார். விருந்தினரைப் படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பாடசாலைப் படியில் காத்திருந்தார். “வெள்ளமே, நீ தோற்றாய்!” என்று இராசேந்திரம் தொடங்கியபோது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது.

ஒலிபெருக்கியை அணைக்க அவர் மறந்துவிட்டார். ஆகவே அவர் பேசியது ஊர் முழுக்கக் கேட்டது.

“ஓம் சேர்... ஓம்... மதவாச்சி றோட்டிலை தண்ணியோ?... எவ்வளவு சேர்?... கணுக்கால் அளவோ? ஐயையோ, அதுக்குள்ளால நீங்கள் எப்பிடி வாறது!... இல்லை சேர், உங்கட பாதுகாப்புத்தான் முக்கியம்... கட்டாயம் சேர், இப்பவே தள்ளி வைக்கிறன்.”

தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஒலிபெருக்கியை உயர்த்தினார். “அன்பார்ந்த மக்களே! இந்தக் கடும் வெள்ளத்திலை உங்களை விளையாடச் சொல்லிக் கேக்க எங்களுக்கு மனம் வருமோ? நாங்களும் மனுசர்தானே. சீரற்ற காலநிலை காரணமாக, விண்ணப்பம் ஒன்றும் இல்லாமலே, சபை தன் விசேட அதிகாரத்தைப் பாவிச்சுப் போட்டியை ஒத்தி வைக்குது.”

முழுவதும் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. லூசியா தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தோணிக்குப் பின்னால் ஓடினாள். “சேர், அதை எழுத்திலை தாங்கோ! விதானையாருக்குக் காட்ட வேணும்!”

“இண்டைக்கு ஞாயிறு பிள்ளை. நாளைக்குக் கந்தோர் அரைநாள். செவ்வாய் நத்தார். புதன்கிழமை வாரும், தட்டச்சுப் பண்ணித் தாறம். உமக்கும் குடும்பத்துக்கும் நத்தார் வாழ்த்துகள்.”

தோணி போய் மறைந்தது. இருபத்திரண்டு பேரும் தண்ணீரில் நின்றபடியே நின்றார்கள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதே தோணியில் ஏறிப்போன பீரிஸ் பந்தை எடுத்துப்போக மறந்திருந்தார். வெள்ளாமுனைப் பையன் முபீன், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றவன், அதைக் கையால் ஓங்கி அடித்தான். பந்து ரொபின்சனின் தலையில் பட்டது. ரொபின்சன் அதைத் திருப்பி எறிந்தான். அதற்குப் பிறகு நடந்ததை உதைபந்து என்று சொல்ல முடியாது, கால்பந்து என்றும் சொல்ல முடியாது. காலால், கையால், தலையால், நீந்தி, மூழ்கி, எந்த அணி என்று பார்க்காமல் ஒருவரையொருவர் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். ஆறு நாளுக்குப் பிறகு அந்த ஊரில் ஆட்கள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. லூசியாவும் படியில் நின்று சிரித்தாள். ஏன் சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. பத்திரிகைக்காரர், வந்ததற்கு ஒன்றாவது இருக்கட்டும் என்று, ஒரு படம் எடுத்தார்.

புதன்கிழமை ஒத்திவைப்புக் கடிதம் கிடைத்தது. நுஃமான் சொன்னபடியே அடுத்த நிமிடம் எழுதினார். அரச பதிவின்படி நறுவிலிக்குடாவுக்கு வெள்ளம் வந்தது மார்கழி இருபத்தாறாம் திகதி. அன்றைக்கு ஊரில் வெள்ளம் வடிந்து, சனங்கள் வீட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு லொறி வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தண்ணீரில் நின்று வாங்குவதுபோல் படம் வேண்டும் என்று கூட வந்த உத்தியோகத்தர் கேட்டார். எங்கே தண்ணீர் இருக்கிறது என்று தேடிப் பார்த்ததில், கோல் கம்பத்தடிப் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் நின்றது. ஐம்பத்தெட்டுக் குடும்பமும் வரிசையாக வந்து, அந்தப் பள்ளத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி நின்று, பார்சலை வாங்கிக்கொண்டு ஏறினார்கள்.

தை மாதம் பத்திரிகையில் வந்த படத்தின் கீழே ‘வெள்ளத்தையும் வென்ற விளையாட்டு: சபைத் தலைவர் பெருமிதம்’ என்று இருந்தது. அதே கிழமைக்குள் இரண்டு கழகங்களுக்கும் கடிதம் வந்தது. ஒத்திவைக்கப்பட்ட போட்டியொன்றை, அதே நாளில், அதே மைதானத்தில், சபையின் அனுமதியின்றியும் மத்தியஸ்தர் இன்றியும் நடத்தியமை பத்திரிகைப் படத்தின் மூலம் ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகியுள்ளதால், இரு கழகங்களுக்கும் இரண்டு வருடத் தடை.

லூசியா கடிதத்தை ரொபின்சனுக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு ஜுனைதீனுக்கு ரெலிபோன் எடுத்தாள். 

“எங்களுக்கும் வந்தது தங்கச்சி. மேன்முறையீடு செய்யலாமாம். ஆனால் ஆராவது ஆட்சேபிச்சாத்தான் எடுப்பினமாம்.”

“நாங்கள் ஆட்சேபிக்கட்டோ நானா?”

“வேண்டாம்,” என்றார் ஜுனைதீன். “நீங்கள் நல்லா எழுதிப்போடுவீங்கள்.”

பின்னேரம் ரொபின்சன் தனியாகத் திடலுக்குப் போனான். கோல் கம்பத்தில் கட்டியிருந்தது கடையில் வாங்கிய வலை இல்லை. அவனுடைய பழைய மீன் வலைதான். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். லூசியா போய் மற்ற முனையைப் பிடித்தாள். இருவரும் அதைத் தரையில் விரித்து, கிழிந்த வலைக்கண்களை இருட்டுவதற்கு முன் பின்னிப் பொத்தி முடித்தார்கள்.

“ரெண்டு வருசம் சும்மா தொங்குறதிலும் பாக்க மீனாவது படட்டும்,” என்றான் அவன்.

மறுநாள் அதில் ஏழு கிலோ ஒரா மீன் பட்டது. சபைக்கு அதை யாரும் எழுதி அறிவிக்கவில்லை.